களைப்பை அளப்பது யாருக்காக?

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையின் 365 படிகளும் கண்ணுக்குத் தெரிவதில்லை. காவடிகளும் ஜனத்திரளும் அவற்றை மூடிவிடுகின்றன. தமிழ் நாட்டின் பல ஜில்லாக்களிலிருந்தும், எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர் முதலிய ஆந்திர ஊர்களிலிருந்தும் வந்து குவியும் பக்தர்களில் வெயிலில் மயங்கி விழுகிறவரும், படியில் சறுக்கிக் காலை ஒடித்துக்கொள்கிறவரும், திருப்பதிச் சாலையில் வண்டி மோதி அடிபடுகிறவரும் கடைசியில் வந்து சேரும் இடம் ஆஸ்பத்திரிதான். திருவிழா என்பதற்காக அன்று பிரசவங்கள் நிற்பதில்லை. பாம்பு கடிப்பதும் நிற்பதில்லை. தரிசனம் முடிந்தவர் பிரசாதத்துடன் ஊர் திரும்புகிறார். வார்டில் நிற்கும் நர்ஸுக்கோ திருவிழா மறுநாளும் முடிவதில்லை.

அந்த நர்ஸ் எவ்வளவு களைத்திருக்கிறார் என்பதை அறிய வழி உண்டா? உண்டு என்கிறார்கள் இக்காலத்து விஞ்ஞானிகள். கைபேசியில் ஒரு செயலி இருந்தால் போதுமாம். வேலை முடிந்ததும் அது கேட்கும் சில கேள்விகளுக்கு விரலால் தொட்டுப் பதில் சொல்ல வேண்டியது. இன்று மனநிலை பத்துக்கு எத்தனை? எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? வேலை கைமீறிப் போவதாகத் தோன்றிற்றா? கையில் கடிகாரம் போன்ற கருவியையும் கட்டிக்கொண்டால் உறக்கமும் நாடித் துடிப்பும் தாமாகவே பதிவாகும். இவற்றைக் கூட்டிக் கழித்து, இன்னார் எல்லை கடந்துவிட்டார் என்று செயலி எச்சரிக்கும். மேல் நாடுகளில் இவை பல வருஷங்களாக வழக்கத்தில் உள்ளன. நம் ஆஸ்பத்திரிகளுக்கும் இவை வருமென்பதில் நமக்குச் சந்தேகமில்லை. வந்தபின் வருந்துவதைவிட வருமுன் யோசிப்பது நலம். ஆகவேதான் இவ்விஷயத்தை இன்று எடுத்துக்கொள்ளுகிறோம்.

முதலில் இவற்றின் நற்குணத்தைச் சொல்லிவிடுவோம். அமெரிக்க ராணுவ இலாகா தன் வைத்திய ஊழியருக்காக ஒரு செயலி செய்தது. மன அயர்ச்சியையும், பிறர் துன்பத்தைப் பார்த்துப் பார்த்து மனம் மரத்துப் போவதையும் அதில் ஊழியர் தாமே மதிப்பிட்டுக்கொள்ளலாம். அதிலுள்ள ஒரு அம்சம் நம் மனத்தைக் கவர்ந்தது. கடைசியாக லீவு எடுத்து எத்தனை நாளாயிற்று என்பதை ஒரு கடிகாரம் காட்டிக்கொண்டே இருக்கும்! நம் ஊர் சர்க்கார் டாக்டர்கள் பலருடைய கைபேசியில் அந்தக் கடிகாரத்தை வைத்தால், அது எந்த எண்ணில் போய் நிற்கும் என்பதை வாசகர்களின் யோசனைக்கே விடுகிறோம்.

இன்னொரு உதாரணம் இதைவிட முக்கியமானது. மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 2007 முதல் பயிற்சி டாக்டர்களின் மனநிலையை வருஷந்தோறும் ஆராய்ந்து வருகிறார்கள். 2010ல் வெளியான அவர்களது முடிவு வைத்திய உலகைத் திடுக்கிடச் செய்தது. பயிற்சி தொடங்குமுன் நூற்றுக்கு நால்வரிடம் மட்டுமே காணப்பட்ட மனச்சோர்வு, பயிற்சிக் காலத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையில் பரவியிருந்தது. ஒரே வருஷத்திற்குள் அந்த வாலிபர்களின் சுபாவம் மாறிவிடவில்லை. மாறியது அவர்களுடைய வேலை. வாரத்தில் உழைக்கும் மணி கூடக் கூட மனச்சோர்வும் கூடிற்று என்று பிந்திய ஆராய்ச்சிகள் காட்டின. இதே ஆராய்ச்சியாளர்கள் 2018ல் கைபேசி வாயிலாக ஆறுதல் வாசகங்களும் யோசனைகளும் அனுப்பிப் பார்த்தார்கள். முந்தின வாரம் மனம் தாழ்ந்திருந்தவர்களுக்கு அவை சிறிது உதவின, நன்றாயிருந்தவர்களுக்கு உதவவில்லை. கண்டுபிடிப்பதில் கருவி வல்லமையுடையது. குணப்படுத்துவதில் அதன் சக்தி மிகச் சொற்பம் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

உலக சுகாதார ஸ்தாபனமும் இதையே வேறு வார்த்தைகளில் சொல்லுகிறது. 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த அதன் நோய் அட்டவணையின் பதினோராவது பதிப்பு, இந்த அயர்ச்சியை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. வேலை ஸ்தலத்தின் நீடித்த நெருக்கடி சரிவரச் சமாளிக்கப்படாததால் நேரும் நிலைமை என்றே வர்ணிக்கிறது. சக்தி வற்றிப் போதல், தொழிலிடமிருந்து மனம் விலகிக் கசந்து போதல், திறமை குன்றுதல் என்று அதற்கு மூன்று அடையாளங்களும் கூறுகிறது. வாசகர்கள் கவனிக்க வேண்டியது இது: குற்றம் நர்ஸின் மனத்தில் இல்லை, வேலை ஸ்தலத்தில் இருக்கிறது. அப்படியானால் மனத்தை மட்டும் அளந்துகொண்டிருப்பது, கூரை ஒழுகும் வீட்டில் தரையின் ஈரத்தை நாள்தோறும் அளந்து கணக்கெழுதுவதற்கு ஒப்பாகும்.

இனி நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். மேல் நாட்டு டாக்டருக்குக் கைபேசி ஒரு சௌகரியம். நம் கிராம சுகாதார நர்ஸுக்கோ அது இன்னொரு மேலதிகாரியாகிவிட்டது. தமிழ் நாட்டில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட துணைச் சுகாதார நிலையங்கள் உள்ளன. சுமார் ஐயாயிரம் ஜனங்களுக்கு ஒரு நிலையம் என்பது ஏற்பாடு. திருத்தணியைச் சுற்றிப் பள்ளிப்பட்டு, ராமகிருஷ்ணராஜுப்பேட்டைப் பக்கத்துத் தறிக்காரர் தெருக்களிலும் ஆந்திர எல்லையோரச் சிற்றூர்களிலும் கர்ப்பிணியின் வாசலுக்குப் போகிறவர் இந்த நர்ஸ்தான். அவர் கர்ப்பிணியைப் 'பிக்மி' தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாவிட்டால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழே சிக்கலாகும். தடுப்பூசிக்கு ஒரு தளம். 2021 ஆகஸ்டு 5ந் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்களுக்கு இன்னொரு செயலி. ரத்த அழுத்தம் பார்க்க ஐந்து நிமிஷமானால், அதைப் பதிவேற்ற எவ்வளவு நேரமாகும் என்பது அந்தக் கிராமத்தில் அன்று 'சிக்னல்' கிடைப்பதைப் பொறுத்தது. கையால் எழுதும் ரிஜிஸ்தர்களும் ஒழியவில்லை. இந்தப் பதிவுப் பளுவைக் குறைக்க வேண்டுமென்று கிராம சுகாதார நர்ஸ்களின் சங்கங்கள் பல தடவை கிளர்ச்சி செய்திருக்கின்றன.

இத்தனைக்கும் மேலே, "உங்களுக்கு வேலைப் பளு அதிகமா?" என்று கேட்க ஒரு புதிய செயலியைக் கொடுப்பது என்ன நியாயம்? பாரம் தாங்காமல் படுத்துவிட்ட மாட்டின் முதுகில், பாரம் எவ்வளவென்று பார்ப்பதற்காக ஒரு தராசையும் ஏற்றுவது போலல்லவா அது?

பயத்துக்கும் காரணம் இல்லாமலில்லை. 2021ல் ஹரியானாவில் 'ஆஷா' ஊழியர்களுக்குக் கைபேசி கொடுத்து, அதில் 'எம்.டி.எம். 360 ஷீல்டு' என்ற செயலியை ஏற்றச் சொன்னார்கள். தாங்கள் எங்கே போகிறோம், வருகிறோம் என்பதை அது வேவு பார்க்கும் என்று ஊழியர்கள் ஆட்சேபித்துப் போராடினார்கள். 2025 மே முதல், மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் கைபேசியில் முகத்தைக் காட்டி, தாம் நிற்குமிடத்தையும் பதிவு செய்து ஆஜர் கொடுக்க வேண்டுமென்று தேசிய மருத்துவக் கமிஷன் உத்தரவிட்டது. கல்லூரிகளில் பெயருக்கு இருந்துகொண்டு பாடம் நடத்தாதவர்களைப் பிடிக்க அது அவசியமாயிருக்கலாம். அதைப் பற்றி இங்கே வாதாடவில்லை. ஆனால் காலையில் முகத்தைக் காட்டி ஆஜர் கொடுத்த அதே கைபேசியில், மாலையில் மனத்தைத் திறந்து காட்டு என்றால் எவன் உண்மை சொல்லுவான்? "மிக நன்று" என்பதைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போவான். அந்தப் பொய்களைக் கூட்டி, ஜில்லாவில் எல்லாரும் ஆனந்தமாயிருக்கிறார்கள் என்று அறிக்கை தயாராகும்.

வக்கீல் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தஸ்தாவேஜு கையிலிருக்கும்போது, அதிலுள்ள விஷயத்திற்கு வாய்மொழிச் சாட்சியம் தேடி அலைவதில்லை. ஆஸ்பத்திரி ஊழியரின் களைப்புக்குத் தஸ்தாவேஜு ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் டியூட்டி ரிஜிஸ்தர். அனுமதிக்கப்பட்ட உத்தியோகங்கள் எத்தனை, காலியாயிருப்பவை எத்தனை, நேற்றிரவு எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை நர்ஸ்கள், தொடர்ந்து இரண்டாவது ஷிப்டும் பார்த்தவர் யார், வார லீவு மறுக்கப்பட்டவர் யார் என்பவையெல்லாம் சர்க்காரின் சொந்தக் காகிதங்களிலேயே உள்ளன. அவற்றைப் படிக்க எந்தச் செயலியும் வேண்டாம். படிக்கும் மனம் மட்டும் வேண்டும்.

காகிதத்தில் வரம்பு இல்லையென்றும் சொல்ல முடியாது. சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948ல், ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி என்று சட்டம் வரம்பு கட்டிற்று. பயிற்சி டாக்டர்கள் சாதாரணமாக வாரம் 48 மணியும், ஒரே மூச்சில் 12 மணிக்கு மேற்படாமலும் வேலை செய்ய வேண்டுமென்று மத்திய சுகாதார இலாகா 1992 ஜூன் 5ந் தேதி உத்தரவு பிறப்பித்தது. முப்பது வருஷங்களுக்குப் பின் என்ன நடந்தது? தேசிய மருத்துவக் கமிஷன் நியமித்த குழு 2024ல் தன் அறிக்கையை வெளியிட்டது. அது நடத்திய விசாரணையில் 25,590 இளநிலை மாணவர்களும், 5,337 முதுநிலை மாணவர்களும், 7,035 ஆசிரியர்களும் பதிலளித்தார்கள். முதுநிலை மாணவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு மேல் தற்கொலை எண்ணம் தோன்றியதாகச் சொன்னார்கள். குழு செய்த சிபார்சு என்ன? வாரம் 74 மணிக்கு மேற்படலாகாது, வாரம் ஒரு நாள் லீவு, தினம் ஏழெட்டு மணி உறக்கம் என்பது. 48லிருந்து 74க்கு ஏறியதை முன்னேற்றமென்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. அந்த 74ஐயே ஒரு சலுகையாக நினைக்கும் நிலையில் இளம் டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் உண்மை.

நர்ஸ்களின் கதையும் நாம் அறிந்ததே. கொரோனாக் காலத்தில் தாற்காலிகமாக அழைக்கப்பட்டு, நோயாளியைத் தொட உறவினரும் அஞ்சிய நாட்களில் தொட்டுப் பணி செய்த ஈராயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31உடன் முடிந்தது. புது வருஷத்தை அவர்கள் போராட்டத்தில் தொடங்கினார்கள். நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவரிடம் "இன்று மனநிலை பத்துக்கு எத்தனை?" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். டியூட்டி ரிஜிஸ்தரில் எல்லாம் வந்துவிடாது. எட்டு மணியே வேலை செய்திருக்கலாம். ஆனால் அந்த எட்டு மணிக்குள் ஒரு சிசு கையிலேயே உயிர் விட்டிருக்கும். நோயாளியின் உறவினர் கையை ஓங்கியிருப்பார். 2024 நவம்பர் 13ந் தேதி சென்னை கிண்டியிலுள்ள சர்க்கார் ஆஸ்பத்திரியில், பணியிலிருந்த டாக்டர் கத்தியால் குத்தப்பட்டார். அது பத்திரிகையில் வந்தது. வைத்திய ஊழியரைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008லேயே தமிழ் நாட்டில் தனிச் சட்டம் உண்டு. ஆனால் போலீஸ் வரை போகாத ஏச்சும் மிரட்டலும் எந்த ரிஜிஸ்தரிலும் ஏறுவதில்லை. மேலும், மற்றவர் நோயைத் தீர்க்கும் தொழிலில் இருப்பவர் தம் மனம் சோர்ந்திருப்பதை வாய்விட்டுச் சொல்லக் கூசுவது இயற்கை. மனிதரிடம் சொல்லக் கூசுவதை ஒரு கருவியிடம் சொல்லலாம். எந்த வார்டில், எந்த நேரத்தில், எதனால் மனம் உடைகிறது என்பது நூறு பேர் பதில்களைச் சேர்த்துப் பார்த்தால் விளங்கும். இவ்வளவு உபயோகம் இதற்கு உண்டு. ஆகவே செயலியே கூடாது என்பது நமது கட்சியல்ல. எந்த நிபந்தனைகளின் மேல் என்பதே கேள்வி.

சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். 2017 ஆகஸ்டு 24ந் தேதி ஒன்பது நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023ல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் அச்சட்டத்தின் ஏழாவது பிரிவு, உத்தியோக சம்பந்தமான காரியங்களுக்கும், எஜமானரை நஷ்டத்திலிருந்தும் பொறுப்பிலிருந்தும் காப்பதற்கும், ஊழியரின் சம்மதமில்லாமலே தகவலைக் கையாள இடமளிக்கிறது. 2017ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தைக் காக்கிறதே என்றால், அது மனநோய் உள்ளவருக்கு ஏற்பட்ட பாதுகாப்பு. களைத்துப் போன நர்ஸ் மனநோயாளி அல்ல. ஒரு சட்டம் அவரைக் கவனிக்கவில்லை. மற்றொரு சட்டம் அவருடைய எஜமானரைக் கவனித்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அவர் நிராதரவாக நிற்கிறார். ஐரோப்பாவில் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். வேலை ஸ்தலத்தில் ஊழியரின் உணர்ச்சிகளை யந்திரத்தால் ஊகித்தறிவதை, வைத்திய காரணமும் பாதுகாப்புக் காரணமும் தவிர, 2025 பிப்ரவரி முதல் அங்கே சட்டம் தடை செய்துவிட்டது.

நாம் கோரும் நிபந்தனைகள் அதிகமல்ல. முதலாவது, இதில் சேருவது ஊழியரின் இஷ்டமாயிருக்க வேண்டும். சேராதவர் மேல் எந்தக் குறிப்பும் எழுதலாகாது. இரண்டாவது, தனி மனிதரின் பதில் மேலதிகாரியின் கைக்கு எக்காலத்தும் போகலாகாது. மருத்துவமனை நிர்வாகத்தைச் சாராத ஒரு ஸ்தாபனமே அதை வைத்துக்கொண்டு, மொத்தக் கணக்கை மட்டும் வெளியிட வேண்டும். பதவி உயர்வுக்கோ இடமாற்றத்திற்கோ தண்டனைக்கோ அதை உபயோகிப்பது குற்றமென்று உத்தரவு வேண்டும். மூன்றாவது, ஒரு செயலி உள்ளே வரும்போது பழைய பதிவு ஒன்றாவது வெளியே போக வேண்டும். நான்காவது, அது தமிழில் பேச வேண்டும். திருத்தணி போன்ற எல்லையோர ஊர்களில் தெலுங்கிலும் பேச வேண்டும். மனக் கஷ்டத்தை அன்னிய பாஷையில் எண்ணிப் பார்த்துச் சொல்ல யாராலும் ஆகாது. ஐந்தாவது, எச்சரிக்கை மணி அடித்தால் எழுந்து வர ஒரு மனிதர் இருக்க வேண்டும். 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கிறது; நல்ல ஏற்பாடு. ஆனால் இரவு ஷிப்டில் தனியாக நிற்கும் நர்ஸுக்கு ஆலோசனையைவிட முதலில் வேண்டுவது துணைக்கு இன்னொரு நர்ஸ்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஆறாவது. மனக் கணக்கு வெளியாகும் அதே பக்கத்தில் வேலைக் கணக்கும் வெளியாக வேண்டும். ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியும், காலியிடம் எத்தனை, 12 மணிக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கியது எத்தனை தடவை, மறுத்த வார லீவு எத்தனை என்பதை மாதந்தோறும் தன் வாசலில் ஒட்டட்டும். இது தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் பொருந்தும். அங்கே சொற்பச் சம்பளத்தில் உழைக்கும் நர்ஸ்களின் குரல் இன்னும் மெல்லியது. ஊழியரின் மனத்தை அளக்க உரிமை கேட்பவர்கள், தங்கள் நிர்வாகத்தை ஊரார் அளக்கவும் சம்மதிக்க வேண்டும். இதற்கு இசையாதவர்கள் செயலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொள்வதே மேல்.

இது ஊழியர்களின் சொந்த விஷயம், நமக்கென்ன என்று வாசகர்கள் இருந்துவிடலாகாது. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது, நோயாளி, வைத்தியன், மருந்து ஆகியவற்றோடு பக்கத்தில் நின்று பணி செய்பவரையும் ஒரு கூறாக வைத்தார். நாலு காலில் ஒரு கால் ஒடிந்தால் கட்டிலில் படுத்திருப்பவர்தானே கீழே விழுவார்? உறங்காத கண் மருந்துச் சீட்டைத் தவறாகப் படித்தால், அந்த மருந்து போவது நம் வீட்டுக் குழந்தையின் உடம்பில்.

திருத்தணிக்குக் கணக்கெடுப்பு புதிதல்ல. இந்த மலை எந்த ராஜ்யத்தைச் சேர்ந்தது என்று வழக்கு எழுந்தபோது, ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாகப் படாஸ்கர் மத்தியஸ்தராக வந்தார். கிராமத்தை அலகாக வைத்து, எந்த ஊரில் எந்த மொழி பேசுவோர் அதிகம் என்ற கணக்கைப் பார்த்தார்கள். கணக்கு பெட்டியில் தூங்கவில்லை. 1960 ஏப்ரல் 1ந் தேதி எல்லைக் கோடே நகர்ந்தது. திருத்தணி தமிழகத்தில் சேர்ந்தது. கணக்கெடுத்தால் கோடு நகர வேண்டும். அதற்குத்தான் கணக்கு.

ஆஸ்பத்திரி ஊழியரின் களைப்பை அளக்க விரும்புகிற சர்க்காரையும் நிர்வாகிகளையும் நாம் கேட்பது இதுவே. அளந்தபின் எந்தக் கோட்டை நகர்த்தப் போகிறீர்கள்? காலியிடக் கோட்டையா, வேலை மணிக் கோட்டையா, லீவுக் கோட்டையா? அதை முதலில் சொல்லுங்கள். செயலியைப் பிறகு ஏற்றலாம்.